நூற்றுக்கு இரண்டா, இருபத்தைந்தா?

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழியைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று கணக்கைப் பற்றிப் பேசப் போகின்றேன். நம் எழுத்தில் ஓர் அயலெழுத்துப் புகுந்தால் உடனே கண்டுபிடித்து விடுகின்றோம். நம்மைப் பற்றிப் பிறர் எடுக்கும் எண்ணில் என்ன புகுந்தது, என்ன விடுபட்டது என்று மட்டும் நாம் பார்ப்பதே இல்லை. எண்ணென்றாலே அது கலப்பற்றது, கடவுள் வாக்குப் போன்றது என்று வாங்கி வைத்துக் கொள்கின்றோம்.

சென்ற கூட்டத்தில் நம் தோழர் ஒருவர் இந்த மேடையில் நின்று முழங்கினார்: "தமிழ்நாட்டில் வறுமை நூற்றுக்கு இரண்டே! பீகாரிலோ நூற்றுக்கு முப்பத்து மூன்று! நம் வரிப்பணத்தில் நாம் ஏன் அவர்களுக்குப் படியளக்க வேண்டும்?" எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். வீட்டிற்குச் சென்ற பின்னர்தான் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று எடுத்துப் பார்த்தேன். பார்த்த பிறகு, தட்டிய கையை நினைத்து நாணினேன். அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

அந்த எண் பொய்யன்று. நடுவணரசின் நிதி ஆயோக் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட 'பன்முக வறுமை' அறிக்கையில் உள்ளது. 2015–16இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 4.76 பேர் வறியவர். 2019–21இல் அது 2.20 ஆகக் குறைந்தது. பீகார் 33.76. இந்திய ஒன்றியம் முழுமைக்கும் 14.96. கேரளம் 0.55. நம் தோழர் ஓர் எண்ணையும் திரிக்கவில்லை.

இந்த அறிக்கைக்கு அடிப்படையாய் நிற்பது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அக்கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்தது. அங்கே என்ன கண்டது? நூற்றுக்கு 25 குழந்தைகள் தம் அகவைக்குரிய உயரம் இல்லாதவர்கள். நூற்றுக்கு 22 பேர் அகவைக்குரிய எடை இல்லாதவர்கள். நூற்றுக்கு 14.6 பேர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்தவர்கள். ஆறு திங்கள் முதல் ஐந்து அகவை வரையுள்ள குழந்தைகளுள் குருதிச்சோகை உடையவர்கள் நூற்றுக்கு 57.4. முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7ஆக இருந்தது, குறையவில்லை, ஏறியிருக்கின்றது.

ஒரே நாடு, ஒரே கணக்கெடுப்பு, ஒரே வீடுகள். வீட்டைக் கணக்கிட்டுச் சொல்லும்போது நூற்றுக்கு இரண்டு. குழந்தையைத் துலையில் ஏற்றினால் நூற்றுக்கு இருபத்தைந்து. இதில் எந்த எண் நம் எண்?

இந்த இடைவெளி எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கணக்குத்தான், ஆனால் கூலிக்கணக்கைவிடக் கடினமானதன்று.

சபீனா ஆல்கயர், சேம்சு பாசுட்டர் என்னும் இரு பொருளியலறிஞர் வகுத்த முறை இது. வருவாயை மட்டும் பாராமல், உடல்நலம், கல்வி, வாழ்நிலை என மூன்று துறைகளில் ஒரு வீட்டிற்கு என்னென்ன குறை என்று பார்ப்பது. நிதி ஆயோக் இதைப் பன்னிரண்டு குறியீடுகளாக்கியது. நான் எளிமைக்காக மொத்தத்தையும் 84 பங்கு என்று வைத்துக் கொள்கின்றேன். வீட்டில் யாருக்கேனும் ஊட்டக்குறைவு இருந்தால் 14 பங்கு. படித்த ஆண்டுகள் குறைவாயின் 14. பள்ளிக்குச் செல்லாத பிள்ளை இருந்தால் 14. குழந்தை இறப்புக்கு 7. பேறுகாலக் கவனிப்பின்மைக்கு 7. எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்னிணைப்பு, வீட்டமைப்பு, உடைமை, வைப்பகக் கணக்கு ஆகிய ஏழுக்கும் தலைக்கு நான்கு நான்கு. கூட்டிப் பாருங்கள், 84 வரும். இதில் மூன்றிலொரு பங்கு, அதாவது 28 பங்குக் குறை சேர்ந்தால்தான் அவ்வீடு வறிய வீடு.

இப்பொழுது ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஊரும் பேரும் வேண்டா. நம் சுற்றுவட்டத்து வீடு என்று வைத்துக் கொள்வோம். தந்தை விசைத்தறியில் கூலிக்கு நெய்கின்றார். தாய் பீடி சுற்றுகின்றார். மூன்று அகவைக் குழந்தை இரண்டு அகவைக்குரிய உயரத்தில் நிற்கின்றது: 14 பங்கு. விறகடுப்பு: 4. கழிப்பறை இல்லை: 4. மண்தரையும் ஓலைக்கூரையும்: 4. மொத்தம் 26. இருபத்தெட்டுக்கு இரண்டு குறைகின்றது. ஆகவே இந்த வீடு வறிய வீடு அன்று! மின்விளக்கு எரிகின்றது, வைப்பகக் கணக்கு இருக்கின்றது, மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகின்றது. குட்டையாய் நிற்கும் அந்தக் குழந்தை மட்டும் அந்த 2.20க்குள் இல்லை. குடிநீர் எடுக்கப் போய்வர அரைமணிக்கு மேல் நடக்கவேண்டியிருந்தால் இன்னும் நான்கு கூடி, அப்பொழுது அது வறிய வீடு ஆகிவிடும். குழாய் பக்கத்தில் இருப்பதால் குழந்தையின் வறுமை போய்விட்டது!

இக்கோலை வகுத்தவர்களை நான் பழிக்கவில்லை. பல குறைகள் ஒரே வீட்டில் குவிவதைக் காண்பதற்கென்றே வகுக்கப்பட்ட கோல் அது. அந்த வேலையை அது செம்மையாகவே செய்கின்றது. ஆனால் அது வீட்டை அளக்கும் கோல். வீட்டுக்குள் இருக்கும் குழந்தையை அளக்க அதை எடுத்தால், நெல்லளக்கும் மரக்காலால் துணி அளப்பது போலத்தான்.

இன்னொன்றும் காணுங்கள். ஊட்டக்குறைவு பார்க்கப்படுவது ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைக்கும், பதினைந்து அகவைக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் ஆணுக்குமே. ஐந்து முடிந்து பதினைந்து தொடங்குவதற்குள் உள்ள பிள்ளையை இக்கணக்கெடுப்பு நிறுத்துப் பார்ப்பதே இல்லை. பள்ளிக்குப் போகின்றதா, இல்லையா என்பதோடு சரி. பசித்த வயிற்றோடு போகின்றதா என்ற கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. குருதிச்சோகைக்கும் இந்தப் பன்னிரண்டில் இடமில்லை. நூற்றுக்கு ஐம்பத்தேழு குழந்தைகளைப் பற்றியுள்ள ஒரு குறை, வறுமைக் கணக்கில் ஒரு பங்குகூடப் பெறவில்லை.

"தமிழ்க் குழந்தை இயல்பாகவே சற்றுக் குட்டைதானே, வெள்ளைக்காரக் குழந்தையோடு ஏன் ஒப்பிட வேண்டும்?" என்று படித்தவர்களே கேட்கின்றனர். 2006இல் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் வெள்ளைக்காரக் குழந்தைகளை மட்டும் வைத்துப் போட்டவை அல்ல. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்துப் போட்டவை. நல்ல ஊட்டமும் தாய்ப்பாலும் தூய்மையான சூழலும் பெற்ற குழந்தைகள் எந்த நாட்டிலும் முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஒப்பவே வளர்கின்றனர் என்பதே அவ்வாய்வு கண்ட முடிவு. குட்டை என்பது நம் குலமரபு அன்று. சோற்றில் விழுந்த குறை.

சரி, இந்தச் சங்கரன்கோவில் குழந்தை அந்தக் கணக்கில் எங்கே இருக்கின்றது? தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. கணக்கெடுப்புக்காரர்கள் எடுத்துக் கொண்டதோ 2017 மார்ச்சில் இருந்த மாவட்டப் பிரிவை. அதில் தமிழ்நாட்டிற்கு 32 மாவட்டங்கள். ஆகலின் அவ்வறிக்கையில் தென்காசி என்றொரு மாவட்டமே இல்லை. பணகுடிக் குழந்தையும் பாளையங்கோட்டைக் குழந்தையும் குருவிகுளத்துக் குழந்தையும் திருநெல்வேலி என்னும் ஒரே வரியில் கலந்து நிற்கின்றன. ஆற்றுப்பாய்ச்சல் நிலத்து ஊரும் வானம் பார்த்த கரிசல் ஊரும் ஒரே நிரவலில் கரைந்துவிட்டன. தமிழ்நாடு முழுமைக்கும் அவர்கள் சென்ற வீடுகள் 27,929. மாவட்டத்திற்குப் பங்கிட்டால் தொள்ளாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள்ளும் சிறு குழந்தை உள்ள வீடுகள் ஒரு பகுதியே. இத்தனை வீடுகளைக் கொண்டு மாநிலத்தின் விழுக்காட்டை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்; மாவட்டத்தைத் தடுமாற்றத்தோடு சொல்லலாம்; ஒன்றியத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது. இது புள்ளியியலின் இயல்பு. எவர் சூழ்ச்சியும் அன்று. ஆனால் சோறு போட வேண்டிய இடம் ஒன்றியமும் ஊரும் அல்லவா? மாநில விழுக்காட்டுக்கு வாய் இல்லை, வயிறும் இல்லை.

காலத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இக்கணக்கெடுப்பு 2020 சனவரியில் தொடங்கியது. மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நின்றது. அவ்வாண்டு திசம்பர் இறுதியில் மீண்டும் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. பள்ளிகள் பூட்டிக் கிடந்து, தறிகள் நின்று, சமைத்த சோற்றுக்கு மாற்றாக அரிசியும் பருப்புமே பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட அந்தத் திங்கள்கள் இருக்கின்றனவே, அவற்றுள் பல இந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டன. நம் பிள்ளைகள் மிகுதியாகப் பசித்த காலத்தில் துலைக்காரர் வரவில்லை. அதற்கு அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்துக் கொண்டு பெருமை பேசுகின்றவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு முன் இருந்த பணக்கோல் இதைவிடச் சிறந்ததா என்றால், அதுவும் இல்லை. 2011–12ஆம் ஆண்டிற்குத் தெண்டுல்கர் முறைப்படி தமிழ்நாட்டின் வறுமை 11.28 விழுக்காடு. அதே ஆண்டிற்கு, அரங்கராசன் குழு 2014இல் போட்ட கணக்கின்படி 22.4 விழுக்காடு. ஒரே ஆண்டு, ஒரே மக்கள். கோலை மாற்றியதும் வறியவர் இருமடங்காயினர்! தெண்டுல்கர் கோட்டின்படி தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில் திங்களுக்குத் தலைக்கு 880 உருபாவுக்கு மேல் செலவழித்தவர் வறியவர் அல்லர். நாளொன்றுக்கு இருபத்தொன்பது உருபா. அந்தக் கணக்கிலும் குழந்தைக்கெனத் தனியே ஒன்றும் இல்லை. வீட்டுச் செலவைத் தலையெண்ணிக்கையால் வகுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒப்பப் பங்கு கிடைத்ததாக வைத்துக் கொள்வார்கள். தாய் கடைசியில் உண்பதும், பெண்பிள்ளைக்கு முட்டை போகாமல் ஆண்பிள்ளைக்குப் போவதும், தந்தையின் கூலியில் பாதி மதுக்கடைக்குப் போவதும் அந்த வகுத்தலுக்குத் தெரியா.

இவ்வளவும் அறிஞர்கள் தமக்குள் வழக்காடிக் கொள்ளும் செய்தியாக இருந்தால் நான் உங்கள் நேரத்தை வாங்கியிருக்க மாட்டேன். இந்த எண்களைக் கொண்டுதான் தில்லி நமக்கு அரிசி அளக்கின்றது. அங்கேதான் நம் மாநில உரிமை இதில் வந்து கலக்கின்றது.

1997இல் நடுவணரசு, பங்கீட்டு முறையை 'வறியவர்க்கு மட்டும்' என்று சுருக்கியது. எந்த மாநிலத்தில் எத்தனை வறியவர் என்பதற்குத் திட்டக்குழுவின் 1993–94 மதிப்பீட்டைக் கையில் எடுத்தது. தமிழ்நாட்டிற்கு அம்மதிப்பீடு தந்தது 35.03 விழுக்காடு. எஞ்சியவர்க்குக் குறைந்த விலை அரிசி இல்லை. ஒரு கோட்டைப் போட்டு, இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் ஏழையில்லை என்று பிரிக்கச் சொன்னார்கள். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அட்டை வைத்திருப்பவர்க்கெல்லாம் அரிசி என்னும் முறையைத் தன் செலவிலேயே தொடர்ந்து நடத்தியது. அந்த முறையைத் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டுமே நடத்தின. அவ்விரு கட்சிகளையும் நாம் எத்தனையோ முறை கண்டித்திருக்கின்றோம். இந்த ஒன்றில் பாராட்டியே ஆக வேண்டும்.

பின்னர் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் மாநிலத்திற்கொரு விழுக்காடு. தமிழ்நாட்டின் ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 62.55 பேர், நகர்ப்புறத்தில் 37.79 பேர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு பெருக்கி, 3 கோடியே 64 இலக்கம் பேருக்கு நடுவணரசின் பொறுப்பு என்றனர். தமிழ்நாடு 2016 நவம்பரில் அச்சட்டத்திற்குள் சென்றது. எல்லார்க்கும் அரிசி என்பதை விடாமலே சென்றது. ஆயினும் தில்லியின் கணக்கில் அந்த எண்ணிக்கை 2011உடனே உறைந்து நிற்கின்றது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படாமல், 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிநாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று 2025இல் அறிவித்தனர். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு அகவை வரையிலான குழந்தைகள் ஏறத்தாழ 74 இலக்கம். அவர்களுள் மூத்தவர்கள் வாக்களிக்கும் அகவையைக் கடந்துவிட்டனர். அதன் பின் பிறந்த தமிழ்க் குழந்தை ஒன்றுகூட அந்தப் பெருக்கலில் இல்லை. பள்ளியில் படிக்கின்ற, அங்கன்வாடியில் விளையாடுகின்ற, தூளியில் உறங்குகின்ற ஒரு தலைமுறையே, அரிசிக் கணக்கைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை!

வரிப் பங்கீட்டிலும் இதே கதைதான். பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் வகுத்த பங்கீட்டில், நூற்றுக்கு 45 பங்கு எடை, ஒரு மாநிலத்தின் நிரவல் வருவாய் உயர்ந்த வருவாயுள்ள மாநிலங்களிலிருந்து எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதற்கே. தமிழ்நாட்டிற்குக் கிடைத்தது 4.079 விழுக்காடு. நிரவலாகப் பார்த்தால் நாம் செல்வர். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலையின் வருவாயையும் மேலநீலிதநல்லூர்க் கூலியாளின் வருவாயையும் கூட்டி வகுத்தால் இருவரும் செல்வர்தாம். நாமே மேடையேறி "எங்களிடம் வறுமை நூற்றுக்கு இரண்டே" என்று முழங்கினால், தில்லி என்ன சொல்லும்? "அப்படியா, மகிழ்ச்சி, அப்படியானால் உங்களுக்கெதற்கு?" என்னும். நம் கைதட்டல் நம் பிள்ளைகளின் தட்டைக் காலி செய்யும் கைதட்டல் என்று சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கணக்குக்குக் காத்திராமல் பிள்ளைகளுக்குச் சோறிட்டதுதான் தமிழ்நாட்டின் பெருமை. 1920இல் நயன்மைக் கட்சியார் சென்னை மாநகராட்சியை ஆண்டபோது பிட்டி தியாகராயர் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கினார். 1950களின் நடுவில் காமராசர் ஆட்சியில், இங்கிருந்து கிழக்கே கோவில்பட்டியைக் கடந்தால் வரும் எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கிற்று. 1982 சூலை முதல் நாள் ம.கோ.இரா. அதனைப் பேரளவில் விரித்தார். ஊர்ப்புறத்தில் இரண்டு அகவைக் குழந்தை முதல் சோறு கிடைத்தது. வீண் செலவு என்று சொன்ன பொருளியல் வல்லுநர்கள் அப்போது பலர் இருந்தனர். "வறிய பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? வறியவர் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுங்கள்" என்றார்கள். கணக்கெடுத்திருந்தால் இன்றும் எடுத்துக் கொண்டே இருப்போம். இலையைப் போட்டோம். வந்தமர்ந்த பிள்ளையெல்லாம் உண்டது. 2022 செப்டம்பரில் காலையுணவு தொடங்கி, 2023 ஆகத்தில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது; 15 இலக்கத்து 75 ஆயிரம் பிள்ளைகள். பள்ளிக்குச் செல்லாத பிள்ளைக்கு 14 பங்கு என்றேனே, தமிழ்நாட்டில் அந்த 14 பங்கு பெரும்பாலும் விழாமைக்கு இந்தச் சோறும் ஒரு பெருங் கரணியம். 2.20 என்னும் எண்ணுக்குள் சத்துணவு ஆயாவின் கைவேலை இருக்கின்றது.

ஆனால் அந்தச் சோறு எட்டாத இடம் ஒன்றுண்டு. குழந்தை குட்டையாவது பள்ளியில் அன்று. தாயின் வயிற்றிலும், பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளிலும் பெரும்பாலும் அது முடிந்துவிடுகின்றது. அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சோறு தாயின் உடல். நம் பெண்களுள் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது அகவையினரில் பாதிக்கு மேற்பட்டவர்க்குக் குருதிச்சோகை. பகல் முழுதும் குனிந்து பீடி சுற்றுகின்றவள், ஒப்பந்தக்காரர் கழித்துத் தள்ளிய கட்டுக்கும் சேர்த்துச் சுற்றுகின்றவள், என்ன உண்டு என்ன பால் கொடுப்பாள்? இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்க்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆண்களுக்காகச் சொல்கின்றேன். பள்ளிப் பிள்ளைக்கு இலை போட்டோம். பால்குடிக் குழந்தையின் தாய்க்கு இன்னும் நாம் இலை போடவில்லை. அங்கன்வாடியில் தரும் ஊட்டமாவு உதவுகின்றது. வீட்டிற்கு வந்ததும் அதை எத்தனை பேர் பகிர்ந்துண்கின்றனர் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிற நாட்டார் இதை எவ்வாறு செய்கின்றனர்? நாம் பழிக்கும் அமெரிக்காவிலும் கற்க ஒன்றுண்டு. அங்கே குழந்தை வறுமையைத் தனியே கணக்கிடுகின்றார்கள். ஆண்டுதோறும் மாநிலவாரியாகச் சொல்கின்றார்கள். வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பு சிறு இடங்களுக்குப் போதாமையால், வருமானவரிப் பதிவுகளையும் உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கையையும் அதனோடு பொருத்திப் பார்த்து, மாவட்டம், பள்ளி வட்டம் வரைக்கும் மதிப்பிடுகின்றார்கள். வறிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நடுவணரசுப் பணம் அந்த மதிப்பீட்டின்படிச் செல்கின்றது. 2021இல் அவர்கள் குழந்தையுள்ள குடும்பங்களுக்கு வரிச்சலுகையை விரித்துப் பணமாகவே கொடுத்தபோது, அவர்களின் துணைநிலை அளவுகோலின்படிக் குழந்தை வறுமை 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அதை நிறுத்தினார்கள், 12.4க்கு ஏறியது. ஓராண்டில் இருமடங்குக்கு மேல்! குழந்தைக்கெனத் தனி எண் வைத்திருந்ததால்தான் அந்தக் கொடுமை அவர்கள் கண்ணிலாவது பட்டது. நம்மிடம் அப்படி ஏறினாலும் இறங்கினாலும் பார்ப்பதற்கு எண்ணில்லை.

உலகளவில் குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். 2024ஆம் ஆண்டு உலகப் பன்முக வறுமை அறிக்கை, வறியவர் 110 கோடி என்றது. அவருள் 58 கோடிக்கு மேற்பட்டோர் பதினெட்டு அகவைக்குட்பட்டவர். பெரியவர்களில் நூற்றுக்கு 13.5 பேர் வறியவர், குழந்தைகளிலோ 27.9. வறிய வீட்டில் பிள்ளைகள் மிகுதி என்பதால், எல்லாரையும் சேர்த்த விழுக்காடு எப்பொழுதும் குழந்தையின் விழுக்காட்டைக் குறைத்தே காட்டும். நம் நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டமையால் அந்த இடைவெளி சிறிதாக இருக்கலாம். இல்லாமற் போகாது.

இங்கு ஒரு தோழர் என்னைத் தனியே கேட்டார்: "நம் வீட்டு வறுமையை நாமே அம்பலப்படுத்தினால் வடவர் சிரிக்க மாட்டார்களா? திராவிட ஆட்சியில் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர்கள் பேச நாமே இடம் கொடுக்கலாமா?" அவரிடம் நான் சொன்னது இதுதான். கண்ணுக்குத் தெரியும் இந்தியாவின் பிற பகுதிகளைவிட நாம் மேல் என்பது மெய். இந்திய ஒன்றியத்தில் குட்டைக் குழந்தைகள் நூற்றுக்கு 35.5, நம்மில் 25. ஆனால் பீகாரோடு ஒப்பிட்டு மகிழ்வதற்காகவா நாம் தமிழ்த்தேசியம் பேசுகின்றோம்? தனி நாட்டுக்குரிய தகுதி உடையோம் என்று சொல்கின்றவன், தன் குழந்தையை உலகத்தின் துலையில் நிறுக்க அஞ்சலாமா? நான்கிலொரு தமிழ்க் குழந்தை வளர வேண்டிய அளவு வளரவில்லை என்றால், அந்தக் குழந்தைக்கு நாம் கற்பிக்க விரும்பும் தூய தமிழும் அரைகுறையாகத்தான் ஏறும். மூளை மிக விரைந்து வளர்வதும் அந்த ஈராண்டில்தான்.

ஆகலின் நாம் கேட்க வேண்டியது புதிய கணக்கெடுப்பு அன்று. கணக்கு ஏற்கெனவே இருக்கின்றது. அங்கன்வாடி என்று வடவர் பெயரால் வழங்கும் நம் குழந்தைகள் நடுவங்களில் பணியாளர்கள் குழந்தைகளை நிறுக்கின்றார்கள், உயரம் அளக்கின்றார்கள், கைப்பேசியில் பதிகின்றார்கள். அந்த எண் தில்லியின் செயலிக்குப் பறக்கின்றது. நிறுத்த ஊரின் சுவரில் அது எழுதப்படுவதில்லை. தமிழ்நாடு இதில் புதியதன்று: 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டத்தில், மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைத் தேடிப் பிடித்து ஊட்டம் கொடுத்தார்கள். விழுக்காடு பார்த்துக் கொடுக்கவில்லை; குழந்தையைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

பதிவேட்டு எண்ணுக்கும் குறையுண்டு. நடுவத்திற்கு வராத குழந்தை அதில் வராது. அளவு பிழைபடும், மேலிடத்திற்கு அஞ்சி நல்லதாகவே எழுதுவதும் உண்டு. அதனால்தான் அதை மாதிரிக் கணக்கெடுப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் வல்லுநர் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றனர். பொருத்திய பின், மாவட்டந்தோறும் ஒன்றியந்தோறும், குழந்தைக்கெனத் தனி வரியில், தமிழில் வெளியிட வேண்டும். குடும்பநலக் கணக்கெடுப்புக்காரர் நம் தாய்மாரிடம் கேள்வியைத் தமிழில்தான் கேட்டனர். விடையை மட்டும் ஆங்கிலத்தில் அச்சிட்டனர். தன் குழந்தையைப் பற்றிய எண்ணைத் தாய் படிக்க முடியாத மொழியில் எழுதி வைப்பதும் ஒரு வகைத் திருட்டே.

அடுத்த திங்கள் கூட்டத்திற்குள் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி அமர்கின்றேன். 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கின்றோம். சங்கரன்கோவில் நகர், சங்கரன்கோவில் ஒன்றியம், குருவிகுளம், மேலநீலிதநல்லூர், வாசுதேவநல்லூர் ஆகிய ஒவ்வொன்றிலும் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகள் பதிவேட்டில் எத்தனை பேர், சென்ற திங்கள் நிறுக்கப்பட்டவர் எத்தனை பேர், உயரம் அளக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்களுள் வளர்ச்சி குன்றியவர் எத்தனை பேர் என்னும் நான்கு கேள்விகள் மட்டும். விடை தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கின்றோம். அதை யாரும் அடித்துவிட வேண்டா. முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். படிகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. பத்து உருபாவுக்கு வழக்குமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். பொதுத் தகவல் அலுவலரின் முகவரி பின்பக்கத்தில் இருக்கின்றது. ஊருக்கு ஒருவராவது எடுத்துச் செல்லுங்கள். சென்ற கூட்டத்தில் முழங்கிய தோழர் முதல் படியை எடுத்துக் கொண்டுவிட்டார்.